வலிக்காத கால் ஆணிதான் கவலை

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் ஆணி இருக்கிறது, ஆனால் வலியே இல்லை என்கிறார். மெடிக்கலில் கார்ன் கேப் வாங்கி ஒட்டலாமா? ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கிறார், அது சரியா?

பதில்: ரெண்டும் வேண்டாம். கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம், தோலை அரிக்கிற மருந்து; ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. நமக்கு எரிந்தால் உடனே பிய்த்து எறிவோம், அப்பாவுக்கு எரியாது, குழிப்புண் ஆன பிறகுதான் தெரியவரும்.

எனக்கு ஆணியைவிட அந்த "வலியே இல்லை"தான் உறுத்துகிறது. ஆணி என்றால் நடக்கும்போது குத்த வேண்டுமே! பல வருடச் சர்க்கரையில் முதலில் அடிவாங்குவது உடம்பின் நீளமான நரம்புகள், அதாவது பாதத்துக்குப் போகிறவை. டாக்டரிடம் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை செய்யச் சொல்லுங்கள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அது வளைகிறவரை பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள், சில நிமிஷ வேலைதான். கூடவே பாதத்தில் நாடித்துடிப்பும் பார்க்கட்டும், ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் சின்னக் கீறல்கூட ஆறாது.

வெந்நீர் விஷயமும் இதேதான். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, காலையில் பார்த்தால் கொப்புளம். ஊற ஊறத் தோல் இன்னும் வறண்டு குதிகால் வெடிக்கும், ஏற்கெனவே நரம்பு கெட்ட பாதத்தில் வியர்வை குறைவு. சாதாரணத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவினால் போதும். விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும்.

அப்புறம் செருப்பு. ஹவாய் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வருகிறவர்கள் உண்டு, அதனால் பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பரில் செய்தது) வாங்குங்கள், அதுவும் கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். கோயிலுக்கு வெயில் ஏறும் முன் போய்வரட்டும், உச்சிவெயிலில் கல்தரை சுட்டுவிடும்.

சரி, ஆணியை என்ன செய்வது? வீட்டில் பிளேடால் சீவாதீர்கள், டாக்டரே சீவிவிடுவார். இன்றைக்கே டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். ஆணிக்குள் ரத்தம் கட்டினது போலக் கறுப்பாக இருந்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ, உள்ளே புண் வந்திருக்கலாம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே கூட்டிப்போங்கள்.