எட்டு இருக்கைகள் யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோவியத்தின் எம்ஐ-24 ஹெலிகாப்டரைப் ‘பறக்கும் கவச வண்டி’ என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் தாக்குதல் ஹெலிகாப்டர்களான கோப்ராவிலும் அப்பாச்சியிலும் இரண்டே பேர்தான் அமர முடியும். இதில் மட்டும் ஏன் எட்டு வீரர்களுக்கு இடம்? வீண் சுமையைத் தூக்கித் திரிந்த வடிவமைப்புப் பிழை என்று கொள்ளலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டதோ, அதற்கு அதிகம் பயன்படவில்லை.

இதன் வடிவமைப்பாளர் மிகயீல் மில் 1960களில் விரும்பியது, வீரர்களைச் சுமந்து சென்று, தானே சுட்டு வழி ஏற்படுத்தி, அவர்களைக் களத்தில் இறக்கிவிடும் ஒரு வாகனத்தை. அறையின் சன்னல்களைத் திறந்து உள்ளிருந்தபடியே வீரர்கள் சுடலாம். 1969இல் அது முதன்முதலாகப் பறந்தது. தொடக்க வகையின் தட்டைக் கண்ணாடி முகப்பைப் பார்த்து விமானிகள் ‘டம்ளர்’ என்று கேலி செய்தார்கள். நமக்குப் பழக்கமான, முன்னும் பின்னுமாக இரண்டு குமிழ்கள் கொண்ட முகம் பின்னால் வந்தது.

சிக்கல் எடையில். அதைத் தாங்கத்தான் அந்தக் குட்டை இறக்கைகள். ஆயுதம் தொங்கவிட மட்டுமல்ல. வேகமாகப் பறக்கும்போது தூக்குவிசையில் ஏறக்குறைய கால் பங்கை அவை தருகின்றன. மாற்றியமைக்கப்பட்ட எம்ஐ-24 ஒன்று 1978இல் மணிக்கு 368 கிலோமீட்டர் தொட்டு உலகச் சாதனை படைத்தது. அந்தரத்தில் நிற்கும்போதோ அதே இறக்கைகள் பகையாகிவிடும்: சுழலி கீழே தள்ளும் காற்று நேராக அவற்றின் மேல் மோதும்.

சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் போரிட்டபோது இது அம்பலமானது. வெப்பமும் உயரமும் சேர்ந்து காற்றை மெலிதாக்கிவிட, முழுச் சுமையோடு செங்குத்தாக எழும்ப முடியவில்லை. விமானிகள் ஓடுபாதையில் மூக்கைத் தாழ்த்துவார்கள். பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும். முன்சக்கரத்தில் மட்டும் உருண்டோடி வேகம் பிடித்த பிறகே மேலே கிளம்புவார்கள். ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை! இந்த நிலையில் எட்டுப் பேரை எவர் ஏற்றுவார்? வீரர்களை எம்ஐ-8 என்ற போக்குவரத்து ஹெலிகாப்டர் சுமந்தது, எம்ஐ-24 பக்கத்தில் காவலாகப் பறந்தது. பின்னறையில் பெரும்பாலும் ஒரு பறப்புத் தொழில்நுட்பர் இருப்பார். சில வேளை அவரும் இருக்க மாட்டார்.

சோவியத்தை எதிர்த்த ஆப்கான் போராளிகளுக்கு அமெரிக்கா கொடுத்த, தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணைகளின் கதை நீங்கள் அறிந்ததே. 1986 செப்டம்பரில் ஜலாலாபாத் அருகே அவை முதன்முதலாக எம்ஐ-24களை வீழ்த்தின. அதன்பிறகு பறக்கும் முறையே மாறியது.

இனி உங்கள் ஒப்பீட்டுக்கு வருகிறேன். 2007 ஜனவரியில், ஹெல்மண்ட் மாகாணத்தின் ஜக்ரூம் கோட்டையில் விடுபட்டுப்போன சக வீரர் ஒருவரை மீட்க பிரிட்டிஷ் படையினருக்கு அவசரமாக ஹெலிகாப்டர் தேவைப்பட்டது. இருந்தவை அப்பாச்சிகள், உள்ளே இடமில்லை. நான்கு பேர் இரண்டு அப்பாச்சிகளின் பக்கவாட்டில், வெளியே தங்களைப் பிணைத்துக்கொண்டு பறந்தார்கள். அந்தச் சில நிமிடங்களில் எட்டு இருக்கைகளை யாரும் வீண் சுமை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மில் நிறுவனம் அடுத்து வடிவமைத்த எம்ஐ-28, உங்கள் விருப்பப்படி, இருவர் மட்டுமே அமர்வது. ஆனால் அதன் பின்பகுதியிலும் ஒரு சிறிய அறை உண்டு. வீழ்ந்த ஹெலிகாப்டரின் விமானிகள் இரண்டு மூன்று பேர் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு தப்பித்து வரலாம்.