மழை விடுகிற வரை: கேள்வி பதில்

வசந்தம் பிறந்த பிறகும் மழையும் குளிர்காற்றும் ஓயவில்லை. வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் தூண்டில்காரர்களும் மலையேறிகளும் அனுப்பிய கேள்விகளில் சில.

கே: சும்மா இருக்கப் பிடிக்காமல், தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ஸ்பின்னிங் ரீலைப் பிரித்துத் துடைத்து, தாராளமாகக் கிரீஸ் தடவி மூடினேன். இப்போது கைப்பிடி பின்பக்கமாகவும் சுழல்கிறது. போதாக்குறைக்கு, காகிதம் மாதிரி மெல்லிய ஒரு வாஷர் மேஜையில் மிச்சம் கிடக்கிறது.

ப: இரண்டும் தனித்தனிக் கோளாறு. கைப்பிடி பின்னால் சுழலாமல் பிடித்து நிறுத்துவது, ரோட்டருக்கு (நரம்பைச் சுற்றிவிடும் சுழல் பாகம்) அடியில் இருக்கும் ஒருவழி பேரிங். அதற்குள் இருக்கும் சிறு உருளைகள் தண்டைக் கவ்வ வேண்டும். கிரீஸ் உள்ளே போனால் கவ்வாது, வழுக்கும். குளிரில் கிரீஸ் இறுகும்போது இன்னும் மோசமாகும். ரோட்டரைக் கழற்றி, பேரிங்கை முழுசாக எடுத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசுங்கள். அதைப் பிரிக்க வேண்டாம், உருளைகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் தெறித்து ஓடிவிடும். நன்றாகக் காய்ந்ததும் ஊசி முனையில் தொட்டெடுத்த மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

மேஜையில் கிடப்பது மிச்சம் அல்ல, ஷிம். பெரிய பல்சக்கரத்துக்கும் பினியன் என்ற சிறு பல்சக்கரத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியைச் சரிசெய்வதே அதன் வேலை. அது இல்லாமல் மூடினால் சும்மா சுற்றும்போது ஒன்றும் தெரியாது. பாரம் ஏறியதும் பற்கள் கரகரக்கும், சீக்கிரமே தேயும். உங்கள் மாடலுக்கான பாகங்களின் வரைபடத்தைப் பார்த்து, எந்தப் பக்கத்து பேரிங்கை ஒட்டி வர வேண்டுமோ அங்கே போடுங்கள். அடுத்த முறை ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வையுங்கள்.

உண்மையில், சுற்றும்போது கரகரப்பு தெரியாத ரீலின் பக்கமூடியைத் திறக்கவே தேவையில்லை. நரம்பு உருளும் சிறு ரோலர், நரம்பைப் பிடித்துச் சுற்றவைக்கும் பெயில் கம்பியின் இரண்டு மூட்டு, கைப்பிடிக் குமிழ், ஸ்பூலுக்கு (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அடியில் உள்ள தண்டு ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு சொட்டு எண்ணெய் விட்டால் பராமரிப்பில் பெரும்பகுதி முடிந்தது. கிரீஸ் பல்சக்கரத்துக்கு மட்டும், அதுவும் பற்களின் மேல் மெல்லிய பூச்சாக. துருவை இளக்கும் ஸ்ப்ரேயை எண்ணெய் என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. அது இருக்கிற கிரீஸையும் கரைத்துக் கொண்டு போய்விடும். எடுத்து வைக்கும்போது டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை இளக்கிவிடும் பிரேக்) குமிழைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் ஃபெல்ட் வாஷர்கள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு மீன் இழுக்கும்போது டிராக் சீராக இளகாமல் வெட்டி வெட்டி இழுபடும், நரம்பு அறுந்துபோகும்.

கே: போன வருடம் சுற்றிய தங்கூசி (நைலான் நரம்பு) சுருள் சுருளாக நிற்கிறது. மாற்ற வேண்டுமா?

ப: கடைசி சில மீட்டரை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு இழுத்துப் பாருங்கள். சொரசொரப்போ வெளுப்போ தெரிந்தால், அல்லது முடிச்சுப் போட்டு இழுத்ததும் எளிதாக அறுந்தால் மாற்றுங்கள். வெயிலில் கிடந்த நைலான், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பலம் இழந்திருக்கும். சுருள் மட்டும்தான் தொல்லை என்றால் ஸ்பூலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நரம்பை நீட்டி இழுத்துவிட்டால் அடங்கும்.

புதிது சுற்றும்போதுதான் பெரும்பாலோர் முறுக்கை உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். கடையில் வாங்கிய உருளையைத் தரையில் படுக்க வையுங்கள். பத்து மீட்டர் சுற்றியதும் நிறுத்தி, நரம்பைத் தளர்த்துங்கள். அது தன்னாலேயே முறுக்கிக்கொண்டால் உருளையைத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். மிகவும் குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது. பின்னல் நரம்பு போடுகிறவர்கள் முதலில் சில சுற்று நைலானைச் சுற்றிவிட்டு அதில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் பழுது என்று நினைத்து ரீலைப் பிரிப்பீர்கள்!

கே: மழையோடு மடித்து வைத்த கூடாரத்தைத் திறந்தால் நாற்றம். தரைப்பகுதி கையில் ஒட்டுகிறது. பிழைக்குமா?

ப: நாற்றத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். கறுப்புப் புள்ளிகள் இருந்து, துணி வழக்கம்போல் வழவழப்பாக இருந்தால் அது பூஞ்சை. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் ஸ்பாஞ்சும் போதும். கறை முழுதாகப் போகாது, விட்டுவிடுங்கள். பிளீச் போட்டால் கறையோடு துணியின் பலமும் போகும். வாஷிங் மெஷினில் போட்டால் தையலின் மேல் ஒட்டிய டேப் உரியும்.

பிசுபிசுப்பும் செதிலாக உதிர்வதும் வேறு நோய். உள்பக்கத்துப் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோடு வினைபுரிந்து சிதைந்திருக்கிறது. மேல்துணி முழுக்க இப்படியானால் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்காதீர்கள். தரை மட்டும்தான் என்றால் முயன்று பார்க்கலாம்: ஆல்கஹால் தோய்த்த துணியால் பழைய பூச்சைத் தேய்த்து எடுங்கள், ஒரு நாள் உலரவிடுங்கள், பாலியூரித்தேன் சீலரை (கசிவை அடைக்கும் பூச்சுத் திரவம்) தூரிகையால் மெல்லியதாகப் பூசி இன்னொரு நாள் விரித்தபடியே வையுங்கள். அவசரப்பட்டு மடித்தால் துணியோடு துணி ஒட்டிக்கொள்ளும்.

தையலில் கசிந்தால் உரிந்த டேப்பை முதலில் நீக்கிவிட்டுத்தான் சீலர் பூச வேண்டும். சிலிக்கோன் பூசிய துணியாக இருந்தால் (தொட்டால் அதிகம் வழுக்கும், தையலில் பெரும்பாலும் டேப் இருக்காது) சிலிக்கோன் சீலர் மட்டுமே பிடிக்கும், மற்றது காய்ந்ததும் தோலாக உரியும்.

வீட்டுக்குள் உலர்த்தும்போது கயிற்றில் போட்டு மின்விசிறியை ஓட விடுங்கள், ஹீட்டர் பக்கம் வேண்டாம். மேலே காய்ந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். தரையின் மூலைகள், ஜிப் மடிப்பு, கயிறு கோக்கும் வளையங்களின் அடித்தையல் ஆகிய இடங்களில் நீர் தங்கும், பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். காய்ந்த பிறகு அதன் இறுக்கமான உறையில் திணிக்காமல் ஒரு தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

கே: விலை உயர்ந்த மழைக்கோட்டு. இரண்டே வருடத்தில் உள்ளே நனைகிறது. ஓட்டையா?

ப: அநேகமாக இல்லை. வெளித்துணியில் நீர் முத்தாக உருண்டு ஓடுகிறதா, ஊறி நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். ஊறினால், நீர் ஒட்டாத மேல்பூச்சு அழுக்காலும் சோப்பு மிச்சத்தாலும் செயலிழந்திருக்கிறது. ஊறிய துணி வழியாக உங்கள் வியர்வை ஆவி வெளியேற முடியாது. உள்ளே நனைப்பது பெரும்பாலும் அந்த வியர்வைதான். எல்லா ஜிப்பையும் மூடி, இந்த வகைத் துணிக்கான திரவ சோப்பில் 30 டிகிரியில் துவையுங்கள், இரண்டு முறை அலசுங்கள். துணி மென்மையாக்கி ஒரு சொட்டும் கூடாது. லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம். சூடுதான் பூச்சை மீட்கிறது. அதற்கும் முத்து உருளாவிட்டால் மட்டும் ஸ்ப்ரே வாங்குங்கள்.

கே: வெளியே கொட்டுகிறது. கேஸ் அடுப்பை உள்ளேயே பற்றவைத்துச் சோதிக்கலாமா?

ப: கூடாது. மூடிய அறையோ மூடிய கூடாரமோ, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்த பிறகு எழுந்திருக்கத் தெம்பு இல்லாமல் போகலாம். பற்றவைக்காமல் செய்யக்கூடிய வேலை உண்டு: இணைப்பின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே கூரைச் சரிவின் கீழே, பக்கத்தில் தீ ஏதும் இல்லாத இடத்தில் சிலிண்டரை மாட்டி, சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த காலையில் சுடர் சோர்ந்தால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். வெறும் பியூட்டேன் சுமார் −0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, புரோப்பேன் −42 வரை ஆவியாகும். கலவை சிலிண்டர் வாங்குங்கள்.

கே: வானிலை செயலி 40 சதவீதம் மழை என்கிறது. போகலாமா?

ப: அப்படிச் சொல்லும் பத்து நாளில் ஏறக்குறைய நான்கு நாள் நனைவீர்கள். கோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

கே: காலையில் பளிச்சென்று வெயில். கிளம்பிப் போய்ச் சேர்ந்தால் பிற்பகலில் இடி. ஏன் இப்படி?

ப: வெயிலுக்கு உறைப்பு வந்துவிட்டது, மேல் வளிமண்டலமோ இன்னும் குளிர்கால நிலையிலேயே இருக்கிறது. தரை சூடேறினால் காற்று விறுவிறுவென்று எழும். நண்பகலுக்குப் பிறகு மேகம் கோபுரமாக வளரும், பொழுது சாய்ந்ததும் பெரும்பாலும் அடங்கும். ஆகவே விடியலில் போய் நண்பகலுக்குள் திரும்புங்கள். முற்பகலிலேயே மேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அழுத்தமானி வைத்திருப்பவர்கள், காற்றழுத்தம் மூன்று மணி நேரத்தில் 3.6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால் கிளம்பவே வேண்டாம். அது பிற்பகல் இடி அல்ல, பெரிய காற்றும் மழையும் வருகிற அறிகுறி.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 விநாடி என்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தூண்டில் கோலைக் கீழே வையுங்கள், கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கட்டடமோ மூடிய காரோ பாதுகாப்பு, கூடாரமும் தனிமரமும் அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

கே: வீட்டுக்குள் இருந்து கால் துருப்பிடித்துவிட்டது. என்ன பயிற்சி?

ப: படிக்கட்டு. முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ. ஐந்து லிட்டரில் தொடங்கி வாரம் ஒரு லிட்டர் கூட்டுங்கள். இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி அதிகம். வலி உள்ளவர்கள் உச்சிக்குப் போனதும் தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம்.

கே: மழை நின்ற எத்தனையாவது நாள் ஆற்றுக்குப் போகலாம்?

ப: நாள் கணக்கு உதவாது, ஆற்றைப் பாருங்கள். நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். குச்சி நீருக்குள் போனால் ஆறு ஏறுகிறது, திரும்பிவிடுங்கள். இறங்குகிறது, கலங்கல் தெளியத் தொடங்கிவிட்டது என்றால் அதுதான் நல்ல நேரம். மீன் நடு ஓட்டத்தில் இருக்காது. கரையோரம் நீர் தேங்கிச் சுழலும் இடங்களிலும் பெரிய பாறைகளுக்குப் பின்னாலும் போடுங்கள்.

மலையில் பனி உருகும் ஆறு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பகல் வெயிலில் உருகிய நீர் மாலையில்தான் வந்து சேரும். காலையில் கணுக்கால் அளவில் கடந்த இடம், திரும்பும்போது முழங்காலைத் தொடும். வேகமான ஓட்டத்தில் 15 செ.மீ. நீரே பெரியவரைத் தள்ளிவிடும். காற்று எவ்வளவு இதமாக இருந்தாலும் அந்த நீர் குளிர்காலத்து நீர்தான். விழுந்ததும் முதல் ஒரு நிமிடம் மூச்சு தானாக வாங்கும், அப்போது நீந்த முயலாமல் மிதப்பதில் மட்டும் குறியாக இருங்கள். அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடந்தான். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். வேடர் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை) அணிபவர்கள் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், தவறி விழுந்தால் உள்ளே நீர் நிரம்பும் வேகம் குறையும்.