மீட்டர் யார் கையில்? சுற்றுச்சூழல் சட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. ஆனால் காற்றும் ஆறும் கெட்டுக்கொண்டேதான் போகின்றன. சொன்னபடி பலன் தந்த சட்டம் ஒன்றாவது உண்டா?

உண்டு. ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் அல்ஜீரியா விற்பனையை நிறுத்தியது. அதன் பிறகு கார்களுக்கு அதை விற்கும் நாடு உலகில் இல்லை. காரணம் எளிமையானது: கோடிக்கணக்கான வண்டிகளை மடக்கிச் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. சில நூறு சுத்திகரிப்பு ஆலைகளின் வாசலில் நின்றாலே போதும். போதாக்குறைக்கு, புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றியை ஈயம் பாழாக்கிவிடும். அதனால் கார் தயாரிப்பவர்களுக்கும் ஈயமில்லாத பெட்ரோல் தேவைப்பட்டது.

இன்னொன்று, ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை. இதில் நடந்த திருட்டுதான் அதன் வலிமையைக் காட்டியது. ஓசோனைக் கெடுக்கும் சி.எஃப்.சி-11 என்ற வாயுவின் உற்பத்தி 2010-க்குள் நின்றிருக்க வேண்டும். ஆனால் 2012-க்குப் பின் காற்றில் அதன் அளவு குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று 2018-இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள் என்று பொருள். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள தீவு நிலையங்களின் அளவீடுகள் கிழக்குச் சீனாவைக் காட்டின. சிறிது காலத்திலேயே வெளியேற்றம் இறங்கியது. எந்த ஆலையின் அறிக்கையையும் நம்பாமல் காற்றையே கேட்டதால்தான் இது பிடிபட்டது.

இப்படிப்பட்டவை குறைவு. 1972 முதல் சுற்றுச்சூழல் சட்டங்கள் 38 மடங்கு பெருகியிருக்கின்றன, அமலாக்கம்தான் பின்தங்கிவிட்டது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2019-இல் சொன்னது.

கேள்வி: ஆலைகளின் பரிசோதனை அறிக்கைகளில் எல்லா எண்களும் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நிற்கின்றன. வரம்பு 150 என்றால் 140, 145. இது எப்படி?

உங்கள் சந்தேகம் நியாயமானது. குஜராத்தில் 2009 முதல் 2011 வரை, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து பொருளியல் ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். அங்கே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதும் ஆலை, கட்டணம் கொடுப்பதும் ஆலை. தூசி வரம்பைத் தாண்டிய ஆலைகள் 7 சதவீதம் என்றன அறிக்கைகள். வேறு ஆட்களை அனுப்பி மறுபடி அளந்தபோது அது 59 சதவீதம்! ஆய்வில் ஒரு பகுதி ஆலைகளுக்கு முறையை மாற்றினார்கள். எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்கு என்பது குலுக்கலில் முடிவானது. கட்டணம் பொது நிதியிலிருந்து போனது. சில அளவீடுகள் சொல்லாமல் மறுபரிசோதனைக்கு உள்ளாயின. அறிக்கைகள் உண்மைக்கு நெருங்கின, ஆலைகளும் மாசைக் குறைத்தன. சட்டத்தின் வரம்பில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

எண்ணைப் பொய்யாக எழுதாமலே குறைத்துக் காட்டும் வழிகளும் இருக்கின்றன. புகை அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் ஆக்சிஜன் சதவீதத்தைப் பாருங்கள். புகையோடு வெளிக்காற்றைக் கலந்துவிட்டால் ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு தானாகக் குறையும். ஊருக்குள் வரும் தூசியோ அதேதான். அதனால்தான் பல விதிகள் ஒரு குறிப்பிட்ட ஆக்சிஜன் அளவுக்கு மாற்றிக் கணக்கிடச் சொல்கின்றன. நிலக்கரிக் கொதிகலனுக்குப் பெரும்பாலும் 6 சதவீதம். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், கணக்கு அதிலிருந்து தொடங்குகிறது: அளந்த எண்ணை 15-ஆல் (21-இல் 6 போக) பெருக்குங்கள், 21-இலிருந்து அளந்த ஆக்சிஜனைக் கழித்து, வந்ததால் வகுங்கள். அறிக்கையில் தூசி 40 மில்லிகிராம், ஆக்சிஜன் 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 × 15 ÷ 5 = 120. வரம்பு 50 என்றால் 40 நல்ல பிள்ளை, 120 பெரிய மீறல். ஆக்சிஜன் கட்டமே இல்லாத அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது உறிஞ்சும் வேகம். புகைபோக்கிக்குள் வாயு ஓடும் வேகமும், மாதிரிக் குழலின் வாயில் அது நுழையும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். 90 முதல் 110 சதவீதம் வரை ஏற்பார்கள். வேகமாக உறிஞ்சினால் கனமான தூசி வளைந்து குழலுக்குள் வராமல் நேரே போய்விடும், வாயு மட்டும் நிறையச் சேரும், அளவு குறையும். அளக்கும் துளையும் வளைவிலிருந்து புகைபோக்கி விட்டத்தைப் போல் 8 மடங்கு தள்ளி இருப்பது நல்லது. இந்த விவரங்களும், அன்று ஆலை எத்தனை சதவீத உற்பத்தியில் ஓடியது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். பாதிச் சுமையில் ஓட்டி அளப்பது பழைய தந்திரம்.

கேள்வி: புகைபோக்கியை உயர்த்தினால் பிரச்சினை தீராதா?

பக்கத்துத் தெருவுக்குத் தீரும். கனடாவின் சட்பரியில் 1972-இல் 381 மீட்டர் புகைபோக்கி எழுப்பினார்கள். உள்ளூர்க் காற்று தேறியது, கந்தகம் தொலைதூரம் பயணித்தது. தரைமட்டக் காற்றை மட்டும் கணக்கில் எடுக்கும் சட்டத்துக்கு இது நிறைவு. அமில மழை விழும் ஏரிக்கு அல்ல. ஆண்டுக்கு மொத்தம் எத்தனை டன் என்று கட்டுப்படுத்தாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி: அபராதம் போடுகிறார்களே, பயம் வராதா?

அபராதத்தை, பிடிபடும் வாய்ப்போடு பெருக்கிப் பார்த்துத்தான் ஆலை பயப்படும். சுத்திகரிப்பை நிறுத்தினால் மின்சாரம், ரசாயனம், கசடு அகற்றும் செலவு மூன்றும் தினமும் மிச்சம். அபராதம் அதற்குக் கீழே இருந்தால் அது தண்டனை இல்லை, கட்டணம். அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய கந்தக டை ஆக்சைடு திட்டத்தில், மின்நிலையம் ஆண்டுக்கு வெளியிட அனுமதித்த ஒதுக்கீட்டைத் தாண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 டாலர், ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப ஏறும். வழக்கு, வாய்தா எதுவும் கிடையாது. கூடவே அதே அளவு டன் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கழிக்கப்படும். ஏறக்குறைய எல்லா மின்நிலையங்களும் கட்டுப்பட்டன.

கேள்வி: இப்போது மாசை 24 மணி நேரமும் அளந்து அனுப்பும் ஆன்லைன் கருவிகள் வந்துவிட்டனவே? இனி ஏமாற்ற முடியாதுதானே?

ஏமாற்றும் இடம் மாறியிருக்கிறது. கருவியின் உச்ச அளவை 100-இல் நிறுத்திவிட்டால் 300 வந்தாலும் 100 என்றே பதிவாகும். நள்ளிரவில் ‘பராமரிப்பு’ நிலைக்குப் போகும் கருவிகளும் உண்டு. நேர்க்கோடாகப் போகும் வரைபடம், தினமும் ஒரே மணிக்கு விழும் இடைவெளி, உற்பத்தி நின்ற நாளிலும் மாறாத எண்: இவற்றைத் தேடுங்கள்.

நான் மேலே சொன்ன அமெரிக்கத் திட்டம் இதற்கும் ஒரு வழி வைத்தது. பதிவு விடுபட்டால் அந்த மணி நேரத்தை உயர்ந்த அளவால் நிரப்பிக் கணக்கிடுவார்கள். இடைவெளி நீள நீள அந்த எண் கூடும். கருவி கெட்டால் நஷ்டம் ஆலைக்கே என்பதால், பழுது சட்டென்று சரியாகிவிடும்.

கேள்வி: ஆற்றில் இரவில் கழிவுநீர் விடுகிறார்கள். நாங்களே மாதிரி எடுத்தால் செல்லுமா?

நீங்கள் எடுக்கும் மாதிரி பெரும்பாலும் நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. யார் எடுத்தார், யார் கையில் மாறியது, யார் முத்திரை வைத்தார் என்ற சங்கிலி அதற்கு இருக்காது. அதிகாரியை வரவழைக்க உதவும். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள். கீழே மட்டும் எடுத்தால், மேலிருந்தே அப்படி வந்தது என்பார்கள். அமிலத்தன்மையையும் வெப்பத்தையும் அங்கேயே அளந்து எழுதுங்கள். குப்பியைப் பனிக்கட்டியில் 4 டிகிரி அளவில் வைத்து, உயிர்வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனைக்கு (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று பார்ப்பது) 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். உலோகங்களுக்குத் தனிக் குப்பி, அதில் நைட்ரிக் அமிலம் வேண்டும். அதை ஆய்வகத்திடமே கேட்டு வாங்குங்கள்.

புகாரில் ‘அடிக்கடி’ என்று எழுதாதீர்கள். தேதி, மணி, நிறம், எவ்வளவு நேரம் ஓடியது என்று எழுதுங்கள். தகவல் கேட்கும் உரிமை இருந்தால் சுத்திகரிப்பு நிலையத்தின் மின் மீட்டர் பதிவையும், அகற்றிய கசட்டின் எடையையும், உள்ளே எடுத்த தண்ணீரின் அளவையும் ஓராண்டுக்குக் கேளுங்கள். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூதிகள் உண்மையில் ஓடியிருந்தால் மின்சாரம் செலவாகியிருக்கும்; கழிவு சுத்தமாகியிருந்தால் கசடு மிஞ்சியிருக்கும். இந்தப் பதிவுகள் கணக்குப் பிரிவில் கிடப்பவை, அதனால் பெரும்பாலும் யாரும் திருத்தி வைத்திருக்க மாட்டார்கள்.