இரத்தக் கழிச்சலுக்குக் குடற்புழு மருந்து கேட்காது

கேள்வி: நாட்டுக்கோழிக் குஞ்சு 40 வளர்க்கிறேன். 26 நாள் ஆகிறது. ஒரு வாரமாக விடாத மழை. நான்கு நாளாகக் குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டே நிற்கின்றன, எச்சத்தில் இரத்தம் வருகிறது. வயிற்றில் பூச்சி என்று பிப்பரசின் கொடுத்தேன். அப்புறமும் ஆறு செத்துவிட்டன. இன்னொரு தடவை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மருந்தை மாற்றுங்கள், அதுவும் இன்றைக்கே.

26 நாள் குஞ்சின் எச்சத்தில் இரத்தம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காக்சிடியோசிஸ், நம் பக்கம் சொல்கிற இரத்தக் கழிச்சல். குடலில் ஒட்டுண்ணி என்று நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால் இது புழு இல்லை. ஐமீரியா என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. பிப்பரசின் உருண்டைப்புழுவுக்கான மருந்து, இதை ஒன்றும் செய்யாது. உருண்டைப்புழு குஞ்சின் குடலில் வளர்ந்து முட்டையிடவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். இரத்தக் கழிச்சலோ மூன்று முதல் ஆறு வார வயதில்தான் அதிகம் தாக்கும்.

சந்தேகம் இருந்தால், செத்த குஞ்சு ஒன்றைக் கையுறை போட்டுக்கொண்டு அறுத்துப் பாருங்கள். சிறுகுடல் முடிகிற இடத்தில் விரல் போல இரண்டு குருட்டுக் குடல்கள் இருக்கும். வழக்கமாக அவற்றில் பழுப்பான கூழ் இருக்கும். இந்த நோயில் இரண்டும் உப்பி, கருஞ்சிவப்பாக, உள்ளே இரத்தக் கட்டியோடு இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. முடிந்தால் இன்றைய எச்சத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார்கள். கழிச்சல் வெள்ளையும் பச்சையுமாக இருந்து, குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ராணிக்கெட் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்கு வழி வேறு.

மருந்து ஆம்ப்ரோலியம். 20 சதவீதப் பொடியாக இருந்தால் ஒரு லிட்டர் குடிநீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். பிறகு லிட்டருக்கு 0.3 கிராமாகக் குறைத்து ஒரு வாரம். பொட்டலத்தில் வேறு சதவீதம் போட்டிருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள், கொட்டகையில் வேறு தண்ணீர் இருக்கக் கூடாது. நோயுள்ளவற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதாது, மீதி 34 குஞ்சுகளும் குடிக்க வேண்டும். நோயுள்ளவை தீனி எடுக்காவிட்டாலும் பெரும்பாலும் தண்ணீர் குடிக்கும். அதுவும் முடியாதவற்றுக்கு அதே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விடுங்கள்.

குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று பி காம்ப்ளெக்ஸ் டானிக் சேர்த்துவிடாதீர்கள், பலர் செய்கிற தவறு இது. அந்த உயிரிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுப்பதுதான் ஆம்ப்ரோலியத்தின் வேலை. டானிக்கில் பி1ஐ ஊற்றினால் மருந்து தோற்றுவிடும். வைட்டமின் கே கொடுக்கலாம், இரத்தம் உறைய உதவும்.

இனி கூளம். உண்மையில் நோய் இருக்கும் இடம் அதுதான். எச்சத்தோடு விழும் ஐமீரியா முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். குஞ்சு அதைக் கொத்தி விழுங்கிய நான்கைந்து நாளில் இரத்தம் வரும். மழையில் கூளம் நனைந்தால் இதுதான் நடக்கும், பாருங்கள். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம். ஈரமானதை, முக்கியமாகத் தண்ணீர்க் குவளையைச் சுற்றி இருப்பதை, இன்றே அள்ளிவிட்டு உலர்ந்த உமியோ கடலைத் தோலோ போடுங்கள். தினமும் கிளறிவிடுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் படுதா கட்டுங்கள், ஆனால் மேலே காற்றுப் போக வழி இருக்கட்டும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இந்த முட்டையைக் கொல்லாது. நன்றாக உலர்வதும் வெயிலும்தான் கொல்லும். அடுத்த தொகுதி விடுமுன் கொட்டகையைச் சுத்தமாகக் காலி செய்து, நன்றாகக் காயவிடுங்கள்.

குஞ்சுத் தீவனத்தை நிறுத்திவிட்டு வெறும் அரிசிக் குருணைக்கு மாறிவிட்டீர்களா? கடைத் தீவனம் பலவற்றில் இந்த நோய்க்கான தடுப்பு மருந்து கலந்திருக்கும், குருணையில் அது கிடையாது. குறைந்தது எட்டு வாரம் வரை தீவனத்தை விடாதீர்கள்.

குடற்புழு நீக்கம் உங்கள் குஞ்சுகளுக்கும் தேவைதான். அது ஏழாவது வாரத்தில், எட்டாவது வார ராணிக்கெட் ஊசிக்கு முன்னால். மருந்து கொடுத்த மறுநாள் காலை எச்சத்தைக் கிளறிப் பாருங்கள். நூல் போல வெளுத்த புழு விழுந்திருந்தால், அப்போது அந்தப் பிப்பரசினுக்கு வேலை இருந்தது என்று அர்த்தம்.