பம்ப் அடித்தும் வீசிங் நிற்கவில்லையா? கேள்வி பதில்

தருமபுரியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஆஸ்துமா இன்ஹேலர், அதாவது பம்ப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் உங்கள் டாக்டர் கையில்.

பாப்பாரப்பட்டி: பம்ப் அடித்தால் பாதி புகை மாதிரி வெளியே வருகிறது. மருந்து உள்ளே போகிறதா?

சரியாகப் போகவில்லை ஐயா. போன மாதம் ஒரு பெரியவர், "இந்த மருந்து கேக்கவே மாட்டேங்குது" என்று பம்ப்பை மேஜைமேல் வைத்தார். என் எதிரில் ஒருமுறை அடித்துக் காட்டச் சொன்னேன். மூச்சை முழுக்க இழுத்து முடித்த பிறகு அழுத்தினார். மருந்து நாக்கில் பட்டு, மீசையோரமாக வெள்ளையாக வெளியே போனது. மருந்தின்மேல் குற்றமே இல்லை.

மூடியைக் கழற்றிப் பம்ப்பை நன்றாகக் குலுக்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளிருக்கும் மூச்சை வெளியே விடுங்கள். உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். அழுத்திய பிறகும் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். அப்புறம் மனசுக்குள் பத்து எண்ணும்வரை அடக்குங்கள். அடுத்ததற்கு அரை நிமிடமாவது பொறுங்கள். கையும் மூச்சும் ஒத்துவரவில்லையா, ஸ்பேசர் (பம்ப்பை மாட்டி, அதன் வழியாக மருந்தை இழுக்கும் குழல்) வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால் எல்லோருக்குமே ஸ்பேசர் நல்லது.

பென்னாகரம்: பையனுக்கு 9 வயது. பம்ப் பழகிவிட்டால் விடமுடியாது என்கிறார் மாமியார். மாத்திரை போதாதா?

பம்ப் யாரையும் அடிமையாக்காது அம்மா. மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து. பம்ப்பில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். அதாவது, 2 மில்லிகிராம் மாத்திரை 20 அழுத்தலுக்குச் சமம். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்குப் போகும். கை நடுக்கமும் படபடப்பும் வருவது அதனால்தான். பம்ப் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது.

ஓசூர், நைட் ஷிப்ட்: நீல பம்ப் (சால்பியூட்டமால்) மாதம் ஒன்று தீர்கிறது. மார்கழிப் பனியில் அதுவும் போதவில்லை.

தம்பி, இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஒரு பம்ப்பில் 200 அழுத்தல். மாதத்தில் தீர்ந்தால் தினமும் ஆறேழு முறை அடிக்கிறீர்கள். வருடத்துக்கு மூன்று பம்ப்புக்கு மேல் போனாலே கடும் வீசிங் வரும் ஆபத்து கூடுகிறது. நீல பம்ப் மூச்சுக்குழாயின் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைப்பது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு பம்ப். நீல மருந்தை மட்டும் நம்பி ஆஸ்துமாவை ஓட்டக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019இல் மாற்றப்பட்டது. ஸ்டீராய்டு என்று பயப்படாதீர்கள், அளவு மைக்ரோகிராமில்தான். எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

பாலக்கோடு: பட்டுப்புழு வளர்க்கிறோம். கொட்டகைக்குள் போனாலே மூச்சு இறுகுகிறது.

புழுக் கழிவின் தூசியும் அந்துப்பூச்சியின் செதிலும் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். வேலை இல்லாத நாளில் மூச்சு லேசாகிறதா என்று ஒரு வாரம் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். சுத்தம் செய்யும்போது நல்ல முகக்கவசம் போடுங்கள்.

ஊத்தங்கரை: இன்ஹேலர் மெஷினோடு தந்த கேப்சூலை விழுங்கலாமா?

கூடாது. அதிலுள்ள பொடி மருந்து மெஷினில் போட்டு மூச்சோடு இழுப்பதற்கு. பம்ப்புக்கு நேர்மாறாக, இதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும்.

சித்தேரி மலை: நள்ளிரவில் வீசிங் வந்தால்?

படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஸ்பேசரில் நீல பம்ப்பை ஒவ்வொன்றாக நான்கு முறை கொடுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் வண்டி வர நேரமாகும், "குறையுதா பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். வண்டி வரும்வரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை அதே நான்கைத் திரும்பக் கொடுக்கலாம்.