ஈஇஇ முடித்த மகளுக்கு சேல்ஸ் வேலையா?

வணக்கம் அம்மா. 'சேல்ஸ் அக்கவுண்ட் மேனேஜர், பில்டிங் எனர்ஜி மேனேஜ்மென்ட்' என்று ஆஃபர் லெட்டரில் பார்த்ததும், மகள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கப் போகிறாள் என்று பயந்துவிட்டீர்கள். 'இதற்கா நாலு வருஷம் ஃபீஸ் கட்டினோம்?' என்ற கேள்வியில் தப்பில்லை. ஆனால் இந்த வேலை அப்படிப்பட்டது இல்லை.

சென்னை ஓஎம்ஆரில் உள்ள ஒரு ஐடி கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரண்ட் பில்லில் பெரும்பங்கு ஏசிக்குத்தான் போகும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், ஒவ்வொரு மாடிக்கும் குளிர்காற்றைத் தள்ளும் ஏஎச்யு, பம்புகள், விளக்குகள் எல்லாவற்றையும் சென்சார் வழியே ஒரே திரையில் கொண்டுவந்து, தேவைக்கு ஏற்ப ஓட்டுகிற ஏற்பாடுதான் பிஎம்எஸ், அதாவது பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம். ஹனிவெல், சீமென்ஸ், ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ஷ்னைடர் போன்ற கம்பெனிகள் இதில் பெரிய பெயர்கள்.

புதுக் கட்டடம் என்றால் கன்சல்டன்ட், மின்சாரம்-ஏசி-பிளம்பிங் வேலைகளை எடுத்துச் செய்யும் எம்இபி கான்ட்ராக்டர் என்று ஆர்டர் வேறு வழியில் போகும். அக்கவுண்ட் மேனேஜருக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்கள்தான் பொறுப்பு. ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது, பழைய கன்ட்ரோலரை மாற்றச் சொல்வது, மின்சாரம் வீணாகும் இடத்தைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு கொட்டேஷன் கொடுப்பது.

அந்தக் கண்டுபிடிப்பில்தான் படிப்பு வேலை செய்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆளில்லாத மாடியில் ஏஎச்யு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு மாடியில் குளிர்நீர் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கும். அங்கே பகலில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சென்சார் அளவுகள் நேரத்துக்கு நேரம் எப்படி மாறின என்று காட்டும் டிரெண்ட் கிராஃபைப் பார்த்து இதைப் பிடிக்கத் தெரிய வேண்டும். விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏன் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள், சொல்லுவாள்.

அப்புறம் பணக் கணக்கு. உதாரணத்துக்கு, செலவு 40 லட்சம், மாதம் ஒன்றரை லட்சம் மிச்சம் என்றால் போட்ட காசு இரண்டே கால் வருஷத்தில் திரும்பும். இதை ஃபெசிலிட்டி மேனேஜரிடம் ஒரு விதமாகவும், ஃபைனான்ஸ்காரரிடம் வேறு விதமாகவும் சொல்ல வேண்டும். முதலாமவர் கேட்பது 'ஏசி நின்றால் யார் வருவார்கள்?' என்று. மற்றவர் 'ஏஎம்சி காசைக் கழித்தீர்களா?' என்பார். இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாத ஆளை அடுத்த முறை செக்யூரிட்டி கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால்தான் நேராக சேல்ஸில் உட்காருவதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. முதல் ஒரு வருஷமாவது சர்வீஸ் டீமோடு சைட்டுக்குப் போகவும், பொருத்திய கருவிகளை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யும் கமிஷனிங்கில் நிற்கவும் வாய்ப்பு உண்டா என்று மகள் ஹெச்ஆரிடம் கேட்கட்டும். சில்லரும் பம்பும் இருக்கும் பிளான்ட் ரூமைப் பார்க்காதவர் என்பதை அங்கிருக்கும் டெக்னீஷியன் ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைகளான பேக்நெட், மோட்பஸ் என்ற பெயர்களும் அங்கே பழகினால்தான் மண்டையில் ஏறும்.

ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எவ்வளவு நிலையானது, எவ்வளவு டார்கெட்டைப் பொறுத்தது என்று பிரித்துக் கேளுங்கள். இன்சென்டிவ் கிடைப்பது ஆர்டர் வந்தவுடனா, பணம் வசூலான பிறகா? இது ரொம்ப முக்கியம். கட்டடத் துறையில் பில்லில் ஒரு பகுதியை ரிடென்ஷன் என்று மாதக்கணக்கில் பிடித்து வைப்பார்கள். அதைக் கேட்டு நடையாய் நடப்பதும் பல இடங்களில் இவர்கள் தலையில்தான் விழும். எந்தெந்த ஊர்கள், வண்டிச் செலவு யாருடையது, கருவிகளை நிறுத்தி வைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலைக்காக ராத்திரி சைட்டில் நிற்க நேர்ந்தால் வீட்டில் கொண்டுவந்து விடுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பெண் என்பதால் நீங்கள் தயங்குவது புரிகிறது. தடுப்பதைவிட இந்தக் கேள்விகளைக் கேட்க வைப்பதுதான் உதவும்.

எதிர்காலம்? வணிகக் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கான இசிபிசி விதிமுறையை மத்திய அரசு 2007-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களின் கன்ட்ரோலர்களும் பழசாகிக்கொண்டே இருக்கின்றன. வேலைக்குப் பஞ்சம் வராது. சில வருஷ அனுபவத்துக்குப் பிறகு மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ நடத்தும் எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் தேர்வுகளை எழுதலாம்; பிறகு சேல்ஸ் பிடிக்காவிட்டால் ஆடிட் பக்கம் போகக் கதவு திறந்திருக்கும்.

வேலைக்குப் போய்க்கொண்டே டிஎன்பிஎஸ்சிக்கும் படிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மார்ச் மாதக் கடைசியில் டார்கெட்டை முடிக்க ஓடும்போது புத்தகத்தைத் தொட முடியாது. அரசு வேலைதான் வேண்டும் என்று மகளே நினைத்தால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும். அந்த ஆசை உங்களுடையது மட்டும் என்றால், இந்த ஆஃபரில் கையெழுத்துப் போடட்டும்.