வாசகர் கேள்விகள்: ஒரு கற்பனைக் கட்சியைக் கவிழ்ப்பது எப்படி?

கே: தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன். கற்பனை நாடு. இடதுபக்கம் ஒரு பெரிய கட்சி, வலதுபக்கம் ஒரு பெரிய கட்சி. இரண்டும் வேண்டாம் என்று நடுவில் ஒரு புதுக் கட்சி கிளம்புகிறது, பத்து வருடத்தில் காணாமல் போகிறது. எழுச்சியை எழுதி முடித்துவிட்டேன். படித்த நண்பர்கள் எல்லாம் ‘இவ்வளவு வேகமாக எந்தக் கட்சியும் வளராது’ என்கிறார்கள். வேகத்தைக் குறைக்கட்டுமா?

ப: குறைக்காதீர்கள். நடுக் கட்சி வளர்ந்தால் அப்படித்தான் வளரும். உங்கள் நண்பர்களுக்கு பிரிட்டனின் சோஷியல் டெமாக்ரடிக் கட்சியின் கதையைச் சொல்லுங்கள். 1981 ஜனவரியில் லேபர் கட்சியின் முன்னாள் அமைச்சர்கள் நான்கு பேர், ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், பில் ராட்ஜர்ஸ், ஷெர்லி வில்லியம்ஸ், கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் இருந்த ஓவனின் வீட்டில் கூடி ஓர் அறிக்கை விட்டார்கள். மார்ச்சில் கட்சி பிறந்துவிட்டது. ஒருபக்கம் வலதுசாரி கன்சர்வேடிவ் கட்சியின் தாட்சர் அரசு, ஏறிக்கொண்டே போகும் வேலையில்லாத் திண்டாட்டம். இன்னொரு பக்கம் மேலும் மேலும் இடதுபுறம் நகர்ந்து, தனக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்த லேபர். நடுவில் அவ்வளவு பெரிய காலி மைதானம். லிபரல் கட்சியோடு கூட்டணி போட்டார்கள், அந்த வருடக் கடைசியில் ஒரு கருத்துக்கணிப்பு கூட்டணிக்கு 50 சதவீதம் ஆதரவு என்றது. கன்சர்வேடிவ்களின் கோட்டையாக இருந்த க்ராஸ்பி தொகுதியில் நவம்பர் இடைத்தேர்தலில் ஷெர்லி வில்லியம்ஸ் ஜெயித்தார். லிபரல் தலைவர் டேவிட் ஸ்டீல் தன் கட்சி மாநாட்டில், தொகுதிகளுக்குத் திரும்பிப் போய் ஆட்சிக்குத் தயாராகுங்கள் என்றே சொல்லி அனுப்பினார். எல்லாம் ஒரே வருடத்துக்குள்!

உங்கள் அத்தியாயத்தில் குறைவது சின்னச் சின்ன விவரங்கள்தான் என்று நினைக்கிறேன். இந்தக் கட்சியில் கிரெடிட் கார்டு மூலம் உறுப்பினர் சந்தா கட்டலாம், அப்போது அது பெரிய புதுமை. முதல் மாநாட்டை ஒரே ஊரில் நடத்தாமல் பெர்த், பிராட்ஃபோர்ட், லண்டன் என்று மூன்று ஊர்களில் ரயிலேறிப் போய் நடத்தினார்கள். அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த நடுத்தர வர்க்கம் திடீரென்று உற்சாகமாகி ரயில் பெட்டியில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறது. அந்த உற்சாகத்தை எழுதுங்கள், வேகம் தானாக நம்பும்படி ஆகிவிடும். கூடவே, அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இந்தக் கட்சியைப் பிடித்து வந்தவர்கள் இல்லை, மற்ற இரண்டையும் பிடிக்காமல் வந்தவர்கள் என்பதை எங்கேயாவது ஒரு வசனத்தில் போட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கே: அந்தக் கட்சிக்கு 1983 தேர்தலில் நிறைய ஓட்டு விழுந்தும் இடங்கள் கிடைக்கவில்லை என்று எங்கேயோ படித்தேன். அது எப்படி?

ப: 1983-ல் கூட்டணிக்கு 25.4 சதவீத வாக்கு, லேபருக்கு 27.6. வித்தியாசம் இரண்டு சதவீதம் சொச்சம். இடங்கள்? 650-ல் லேபருக்கு 209, கூட்டணிக்கு 23. அதிலும் சோஷியல் டெமாக்ரட்களுக்கு வெறும் 6. லேபரிலிருந்து தாவி வந்த எம்.பி.க்கள் மட்டுமே இருபத்தைந்துக்கு மேல் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். ஷெர்லி வில்லியம்ஸும் தோற்றார். 1982-ல் அர்ஜென்டினாவை ஜெயித்த ஃபாக்லாந்து போருக்குப் பிறகு தாட்சர் பக்கம் காற்று அடித்ததும் ஒரு காரணம்தான், ஆனால் இந்தக் கணக்குக்கு அது பதில் இல்லை.

நூறு தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்சிக்கு எல்லாத் தொகுதியிலும் சரிசமமாக 26 சதவீதம் விழுகிறது. எல்லா இடத்திலும் இரண்டாவதோ மூன்றாவதோ வருவீர்கள், கையில் பூஜ்யம். தொழிற்பேட்டைத் தொகுதிகளில் மட்டும் 50, மற்ற இடங்களில் 15 என்று வாங்குகிற கட்சி முப்பது இடத்தை அள்ளிக்கொண்டு போகும். நடுக் கட்சிக்கு ஓட்டு போடுபவர்கள் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு பேட்டை கிடையாது. 1983-ல் முந்நூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் இந்தக் கூட்டணி இரண்டாம் இடம்! இதே மரபில் வந்த லிபரல் டெமாக்ரட்கள் 2024-ல் சுமார் 12 சதவீத வாக்கில் 72 இடம் ஜெயித்தார்கள். பழைய ஓட்டில் பாதிகூட இல்லை, இடம் மூன்று மடங்கு. கன்சர்வேடிவ்கள் தளர்ந்து கிடந்த தொகுதிகளாகப் பார்த்து ஆளையும் பணத்தையும் அங்கேயே குவித்ததன் பலன் அது.

ஆகவே முதலில் உங்கள் கற்பனை நாட்டின் தேர்தல் முறையை முடிவு செய்யுங்கள். வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாச்சார முறை என்றால் கதை வேறு மாதிரி போகும். ஜெர்மனியில் ஐந்து சதவீதத் தடை இருக்கிறது, அதற்குக் கீழே வாக்கு வாங்கினால் பொதுவாக இடமே கிடையாது. அங்கே பல பத்தாண்டுகள் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் மாறி மாறித் தோள் கொடுத்து மந்திரி பதவி வாங்கிய எஃப்.டி.பி., 2009-ல் 14.6 சதவீதம் வாங்கியது. நான்கே வருடத்தில் 4.8. அந்த 0.2 குறைந்ததால் 1949-க்குப் பிறகு முதல்முறையாக நாடாளுமன்றத்துக்கே வெளியே நின்றது. இந்த முறையில் சரிவு படிப்படியாக வராது, ஒரே இரவில் கதவு சாத்தப்படும். கதைக்கு நல்லது.

கே: வீழ்ச்சிக்கு ஓர் ஊழல் வழக்கு வைத்திருக்கிறேன். பொருளாளர் பணத்தைச் சுருட்டிவிடுகிறார். போதுமா?

ப: வைக்காதீர்கள், தயவுசெய்து. ஊழல் எந்தக் கட்சியையும் கவிழ்க்கும், அதில் நடுக் கட்சிக்கென்று என்ன இருக்கிறது? நடுக் கட்சி விழுவது, இத்தனை நாள் தள்ளிப்போட்ட ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’யைச் சொல்லியே தீர வேண்டிய நாளில்.

பிரிட்டனிலேயே பாருங்கள். 2010 தேர்தலுக்கு முன் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று கையெழுத்திட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார்கள். ஜெயித்தது 57 பேர். கன்சர்வேடிவ்களோடு கூட்டணி அரசு, நிக் கிளெக் துணைப் பிரதமர். அதே டிசம்பரில் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் வந்தது. கட்சி எம்.பி.க்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆதரித்தார்கள், மீதிப் பேர் எதிர்த்தோ ஒதுங்கியோ நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து கிளெக் வீடியோவில் மன்னிப்புக் கேட்டார், அதையும் யாரோ பாட்டாக மாற்றிவிட்டார்கள். 2015-ல் 57 எட்டாகியது.

சரி, எந்தப் பக்கமும் சேராமல் இருந்தால் தப்பிக்கலாமா? ஸ்பெயினின் சியுதாதானோஸ் 2019 ஏப்ரலில் 57 இடம் பிடித்தது, சோஷலிஸ்ட்களுக்கு 123. சேர்ந்தால் 180, பெரும்பான்மைக்குத் தேவை 176. நடுக் கட்சிக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆனால் தலைவர் ஆல்பெர்ட் ரிவேரா வலதுபக்கத்தின் தலைமையைப் பிடிக்கும் கனவில் இருந்தார், முடியாது என்றுவிட்டார். சோஷலிஸ்ட் தொண்டர்களும் தேர்தல் இரவிலேயே ‘ரிவேரா வேண்டாம்’ என்று கோஷம் போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்சி அமையவில்லை, நவம்பரில் மறுபடி தேர்தல், 57 பத்தாகியது. மறுநாளே ரிவேரா ராஜினாமா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்.

பொருளாளரை விட்டுவிடுங்கள். ஒரு மசோதா போதும். கட்சிக்குள் இருக்கும் பழைய இடதுகாரர் ஒருவரும் பழைய வலதுகாரர் ஒருவரும் அதுவரை நல்ல நண்பர்களாக இருக்கட்டும், வாக்கெடுப்பு மணி அடிக்கும்போதுதான் ஒருவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று மற்றவருக்குத் தெரிய வேண்டும்.

கே: என் கதையில் நிறுவனத் தலைவர் நடுவிலேயே இறந்துவிடுகிறார். அதற்குப் பிறகும் கட்சி ஜெயிப்பதாகக் காட்டலாமா?

ப: தாராளமாக. இஸ்ரேலில் ஏரியல் ஷரோன் 2005 நவம்பரில் வலதுசாரி லிகுட் கட்சியை விட்டு வந்து கதிமா என்ற நடுக் கட்சியைத் தொடங்கினார். 2006 ஜனவரியில் பக்கவாதம், கோமா, அப்புறம் அவர் எழவே இல்லை. ஆனால் மார்ச் தேர்தலில் எஹுட் ஓல்மர்ட் தலைமையில் கட்சி 120-ல் 29 இடம் வாங்கி ஆட்சி அமைத்தது. 2009-ல் சிப்பி லிவ்னி தலைமையில் 28, நாடாளுமன்றத்தின் பெரிய கட்சியே இதுதான். இருந்தும் கூட்டாளிகள் கிடைக்காமல் நெதன்யாகு பிரதமரானார். 2012-ல் லிவ்னியைத் தோற்கடித்துத் தலைவரான ஷாவுல் மொஃபாஸ், நெதன்யாகு அரசிலேயே போய்ச் சேர்ந்து, இரண்டரை மாதத்துக்குள் வெளியே வந்தார். 2013-ல் இரண்டு இடம். ஆக, தலைவர் போன அனுதாபத்தில் ஒரு தேர்தல் தாங்கும். ‘நாம் எதற்காக இருக்கிறோம்’ என்ற கேள்வி அதற்கடுத்த தேர்தலில் வரும்.

கே: கடைசி அத்தியாயம் கைக்கு வரவில்லை. கட்சி கலைக்கப்படுவதைச் சோகமாக எழுதுவதா, கேலியாகவா?

ப: கேலியாக. நான் முதலில் சொன்ன கட்சியின் முடிவே அப்படித்தான். 1988-ல் பெரும்பாலானவர்கள் லிபரல்களோடு இணைந்தார்கள், ஓவன் மட்டும் ஒரு சிலரோடு பிடிவாதமாகப் பழைய பெயரில் கட்சியை நடத்தினார். 1990 மே மாதம் பூட்டில் தொகுதியில் இடைத்தேர்தல். ஓவன் கட்சி வேட்பாளருக்கு 155 ஓட்டு. தேர்தலையே கிண்டல் செய்வதற்காகப் போட்டியிடும் மான்ஸ்டர் ரேவிங் லூனி கட்சியின் தலைவர், முன்னாள் ராக் பாடகர் ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச், வாங்கியது 418. டெபாசிட் போவது ஒரு பக்கம், ஜோக்கர் கட்சியிடம் தோற்பது இன்னொரு பக்கம். ஜூனில் கடையைச் சாத்திவிட்டார்கள். அப்போது கையில் மூன்று எம்.பி.க்கள் இருந்தார்கள், ஓவனையும் சேர்த்து.

ஆனால் அதோடு முற்றும் போடாதீர்கள். கலைப்பதை ஏற்காத சிலர் அதே பெயரில் மறுபடி ஒரு கட்சியைத் தொடங்கினார்கள், சின்ன அளவில் அது இன்றும் இருக்கிறது, தேர்தலிலும் நிற்கிறது. உங்கள் தொடருக்கு இரண்டாம் பாகம் கேட்டால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.